முதல் 3டி மரச் செதுக்கல்: கரண்டு போறதுக்குள்ள ஒரு தாமரை

ரங்கூன்ல தாமுவே பக்கம் நம்ம பட்டறைக்கு வர்ற பசங்க எல்லாரும், கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்தைச் செதுக்குற சிஎன்சி மெஷினைப் பாத்ததும் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "அண்ணே, பிள்ளையார் போடலாமா?" போடலாம் தம்பி, ஆனா முதல்ல வேணாம். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், நல்ல பழைய தேக்குப் பலகை, ஒரு அடி உயரத்துக்கு பிள்ளையார், ஆறு மணி நேர வேலை, அஞ்சாவது மணி நேரத்துல கரண்டு போச்சு, திரும்பி வந்தப்போ மெஷின் தன் பாட்டுக்கு எங்கேயோ போய் தும்பிக்கையைச் சீவித் தள்ளிடுச்சு. தந்தம் ஒடிஞ்ச பிள்ளையார் எல்லா ஊர்லயும் இருக்காரு, தும்பிக்கை போனவரு நம்ம பட்டறைல மட்டும்தான், இன்னும் அலமாரி மேல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு.

அதனால இதுல சொல்லப் போறது ஒரு தாமரை. 120 மில்லிக்கு 120 மில்லி, ஆழம் 10 மில்லி, அவ்ளோதான் (மில்லின்னு நான் சொல்றது எல்லாம் மில்லிமீட்டர்). தாமரைல மூக்கு இல்ல, விரல் இல்ல, ஒரு இதழ் கொஞ்சம் கோணலா வந்தாலும் இதழ்னுதான் சொல்லுவாங்க, முகம் கோணலா வந்தா யாரும் சும்மா விட மாட்டாங்க.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாயிடணும். 3டின்னு சொன்னதும் எல்லாரும் கோபுரத்துல நிக்கிற பொம்மை மாதிரி சுத்தி வந்து பாக்குற சிலையை நினைச்சுக்குறாங்க. நம்மகிட்ட இருக்குற சாதாரண மெஷினுக்கு மூணு அச்சுதான், எக்ஸும் ஒய்யும் பக்கவாட்டுல, இஸட் மேல கீழ, மரத்தை வெட்டுற முனை, அதாவது பிட்டு, மேலேர்ந்து கீழதான் இறங்கும், ஒரு புடைப்புக்கு அடில போய் குடையுறது அதால முடியாது. அதனால வரப்போறது கோயில் கதவுல இருக்குற மாதிரி புடைப்புச் செதுக்கல், மேலேர்ந்து நேரா டார்ச் அடிச்சா வெளிச்சம் படுற இடம் மட்டும்தான் வெட்டுப்படும். மாண்டலே போனீங்கன்னா ஷ்வேநன்டோ மடத்துல போய் கொஞ்ச நேரம் நில்லுங்க, மின்டோன் ராஜாவோட அரண்மனைல இருந்த தேக்குக் கட்டடம், அவரு 1878ல இறந்த பிறகு திபாவ் ராஜா அதைப் பிரிச்சு வெளிய கொண்டுபோய் மடமாக்கிட்டாரு, அதனாலதான் 1945 சண்டைல அரண்மனை எரிஞ்சப்போ இது தப்பிச்சுச்சு. அங்க கதவுல, சுவத்துல இருக்குற செதுக்கலைப் பக்கத்துல போய் பாருங்க, ரொம்ப ஆழமா தெரியும், ஆனா கண்ணை ஏமாத்துறது பாதி நிழல்தான். 10 மில்லி ஆழம் போதுமான்னு சந்தேகம் வர்றவங்களுக்காகச் சொல்றேன்.

மரம்

பர்மாவுல இருந்துக்கிட்டு தேக்கு போடாம வேற என்னன்னு தோணும். தேக்குல சிலிக்கா இருக்கு, அதாவது மண்ணு மாதிரி பொடி மரத்துக்குள்ளயே இருக்கு, பிட்டோட முனையை அது சீக்கிரம் மழுங்கடிச்சுடும், பழகுறவங்க பிட்டு மழுங்கினதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள மரம் கருகி வாசம் வந்துடும். பதாவ் மரம் பாக்க ரத்தச் சிவப்பா அழகா இருக்கும், ஆனா நல்ல கெட்டி. கொக்கோன்னு இங்க சொல்றாங்களே, நம்ம ஊர் வாகை, அதுல ரேகை இப்படியும் அப்படியும் பின்னிப் போகும், ஒரு பக்கம் வழவழன்னு வெட்டி மறுபக்கம் பிச்சுக்கிட்டு வரும்.

முதல் வேலைக்கு யமனே வாங்குங்க. நம்ம குமிழ் மரம்தான். வெளிர் நிறம், லேசா இருக்கும், உளிக்கும் பிட்டுக்கும் நல்லா வளைஞ்சு கொடுக்கும், பர்மாக்கார மரச்சிற்பிங்க, பபு ஸயான்னு சொல்றவங்க, அவங்களும் இதைத்தான் நிறைய எடுப்பாங்க. புதுப் பலகை தேடி அலைய வேணாம், ஃபர்னிச்சர் பட்டறைல வெட்டுப்போக மிச்சம் கிடக்கும், 160க்கு 160, கனம் 25 மில்லி இருந்தா போதும். கணு இருந்தா வேணாம், வெடிப்பு இருந்தா வேணாம், மேலும் கீழும் இழைச்சு மட்டமா இருக்கணும், ஒரு கண்ணாடி மேல வச்சு நாலு மூலையும் தட்டிப் பாருங்க, ஆடுச்சுன்னா இன்னொரு தடவை இழைங்க.

ஈரம் ரொம்ப முக்கியம். மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும் இங்க காத்தையே பிழியலாம்போல இருக்கும், அந்த மாசத்துல மரம் ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும், ஈர மரத்துல கடைசி ஃபினிஷிங் போட்டா பூனை முடி மாதிரி நார் நாரா எழும்பி நிக்கும், அதைத் தேய்ச்சு எடுக்கவே ரெண்டு நாள் ஆகும். ஈரம் பாக்குற மீட்டர் இருந்தா 12 சதவீதத்துக்குள்ள இருக்கணும். மீட்டர் இல்லையா, பலகையை சமையக்கட்டுத் தராசுல தினம் ஒரு தடவை வச்சு எழுதி வைங்க, நாலஞ்சு நாளா எடை மாறலைன்னா அது உங்க ரூம் காத்தோட ஒத்துப்போச்சுன்னு அர்த்தம். ஆனா மழை மாசத்துல அந்தக் காத்தே ஈரம், அப்ப எடை மாறலைன்னாலும் பலகை காஞ்சுடுச்சுன்னு அர்த்தமில்ல.

ஃபைல்

3டி மாடல் எஸ்டிஎல் ஃபைலா வேணும். இலவசமா கிடைக்குற தாமரை ஏகப்பட்டது இருக்கு, பிளெண்டர்ங்குற 3டி சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்க ஒரு இதழ் செஞ்சு சுத்திச் சுத்தி வச்சாலே முடிஞ்சுது. எதுவா இருந்தாலும் திறந்ததும் அளவு பாருங்க, சில ஃபைல் இஞ்சுல இருக்கும், நீங்க மில்லின்னு நினைச்சு திறந்தா உளுந்து சைஸ்ல தாமரை வரும். நீளம் அகலம் 120, உயரம் 10க்கு கொண்டு வாங்க. உயரத்தை மட்டும் தனியா குறைச்சா தப்பில்ல, புடைப்புச் செதுக்கல்ல அதுதான் வழக்கம்.

இங்க ஒரு பொறி இருக்கு, நிறைய பேர் விழுறாங்க. ஃபோட்டோவைக் குடுத்தா 3டி ஆக்கித் தர்ற சாஃப்ட்வேர் இருக்குல்ல, அது வெளுப்பை உயரம்னும் கறுப்பைப் பள்ளம்னும் எடுத்துக்கும். ஒரு தம்பி அவங்க தாத்தா ஃபோட்டோவைக் கொண்டு வந்தான், நெத்தில விபூதிப் பட்டை, போட்டுப் பாத்தா மூணு படிக்கட்டு மாதிரி நெத்தி, மீசை இருந்த இடத்துல வாய்க்கால், கண்ணு ரெண்டும் கிணறு. ஆழத்துக்குன்னே செஞ்ச சாம்பல் நிறப் படம் வேற, ஃபோட்டோ வேற.

சாஃப்ட்வேர் எதுன்னு சண்டை போடுறதுக்கு எனக்கு நேரமில்ல. வெக்ட்ரிக் கம்பெனியோட விகார்வ், ஆஸ்பயர், இல்ல கார்வெகோ, இல்ல ஃபியூஷன், எதுல வேணா பண்ணலாம். பழைய ஆளுங்க ஆர்ட்கேம்னு சொல்லுவாங்க, ஆட்டோடெஸ்க் அதை 2018ல நிறுத்திட்டாங்க, கார்வெகோ அதோட வாரிசுதான். எதுல பண்ணினாலும் பிட்டு போறதுக்கு ரெண்டு பாதை போடணும், முதல்ல ரஃபிங், அதாவது வேண்டாத மரத்தை மொத்தமா வெட்டித் தள்ளுறது, அப்புறம் ஃபினிஷிங், அதாவது நிஜ வடிவத்தை வழவழன்னு எடுக்குறது, ரெண்டையும் மெஷினுக்குப் புரியுற ஜி-கோடுல தனித்தனி ஃபைலா சேவ் பண்ணணும்.

ரஃபிங்குக்கு 6 மில்லி பிட்டு, அடி தட்டையா இருக்குறது, ரெண்டு பல்லு. ஒரு அடுக்குக்கு 3 மில்லி ஆழம், பக்கவாட்டுல ஒவ்வொரு வரிக்கும் 2.4 மில்லி நகரட்டும், வேகம் நிமிஷத்துக்கு 1500 மில்லி, பிட்டைச் சுத்துற மோட்டார், அதாவது ஸ்பிண்டில், நிமிஷத்துக்கு 15,000 சுத்து. இந்த நம்பர் எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா நீங்களே எந்த மரத்துக்கும் போட்டுக்கலாம். 15,000 சுத்துல ரெண்டு பல்லுன்னா நிமிஷத்துக்கு 30,000 கடி, 1500ஐ 30,000ஆல வகுத்தா 0.05 மில்லி, அதாவது ஒரு கடிக்கு அவ்ளோ கனத்துல மரம் வருது. அது ரொம்பக் குறைஞ்சா பிட்டு வெட்டாது, தேய்க்கும், தேய்ச்சா சூடு, சூடு ஏறினா கருகல். புதுசா வர்றவங்க பயத்துல வேகத்தைக் குறைச்சு சுத்தை மட்டும் முழுசா வச்சு பிட்டை எரிச்சுடுவாங்க. பயமா இருந்தா ஆழத்தைக் குறைங்க, வேகத்தைக் குறைக்காதீங்க. கீழ விழுறது மாவா இல்ல சின்னச் சீவலான்னு கைல எடுத்துப் பாருங்க, மாவு மாதிரி இருந்தா ஏதோ தப்பு. மேல 0.5 மில்லி மரத்தை மிச்சம் வைக்கச் சொல்லி சாஃப்ட்வேர்ல குடுங்க, அதை ஃபினிஷிங் எடுக்கும்.

என்கிட்ட இருக்குறது 6040ன்னு சொல்ற சைஸ், தண்ணி ஓடுற 1.5 கிலோவாட் ஸ்பிண்டில். உங்ககிட்ட சின்ன 3018 மெஷின்னா 3.175 மில்லி பிட்டு போட்டு ஒரு அடுக்குக்கு 1 மில்லி, வேகம் 600லேர்ந்து 800 வரைக்கும், அதுக்கு மேல அந்தச் சட்டமே ஆடும்.

ஃபினிஷிங்குக்கு முனை உருண்டையா இருக்குற பால் நோஸ் பிட்டு, 3 மில்லி. இங்கதான் பொறுமை வேணும், கணக்கும் வேணும். உருண்டை முனை ஒவ்வொரு வரி போகும்போதும் ரெண்டு வரிக்கு நடுவுல மெல்லிசா ஒரு வரப்பு விடும், அந்த வரப்போட உயரம் வரி இடைவெளியோட வர்க்கத்தை, முனை ஆரத்தை எட்டால பெருக்கி வகுத்தா வரும். இடைவெளி 0.25, ஆரம் 1.5ன்னா 0.0625ஐ 12ஆல வகுக்கணும், 0.005 மில்லி. மரத்துல அது தெரியவே தெரியாது. சில பேர் இன்னும் வழவழன்னு வேணும்னு 0.1 போடுவாங்க, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது, நேரம் மட்டும் ரெண்டரை மடங்கு ஆகும், நம்ம ஊர்ல நேரம்னா என்னன்னு தெரியும்ல. 120ஐ 0.25ஆல வகுத்தா 480 வரி, ஒரு வரி 120 மில்லி, மொத்தம் 57,600 மில்லி, நிமிஷத்துக்கு 1200ல போனா 48 நிமிஷம், மேலயும் கீழயும் ஏறி இறங்குறதுல வேகம் குறையும், ஒரு மணி நேரம்னு வச்சுக்குங்க. வரி எல்லாம் மரத்தோட ரேகை ஓடுற திசைலயே ஓடட்டும், குறுக்க ஓடினா நார் எழும்பும், அப்புறம் உப்புத்தாள் போடுறப்பவும் ரேகையோட தேய்க்குறதுதான் சுலபம்.

இப்ப முக்கியமான விஷயம். அந்த ஒரு மணி நேரத்தை ஒரே ஃபைலா போடாதீங்க. மூணு பட்டையா வெட்டுங்க, இடம் நடு வலம், ஒவ்வொண்ணும் 20 நிமிஷம், ஒண்ணு மேல ஒண்ணு 1 மில்லி ஏறி நிக்கட்டும், இல்லைன்னா நடுவுல கோடு தெரியும். சாஃப்ட்வேர்ல மூணு செவ்வகம் வரைஞ்சு ஒவ்வொண்ணையும் எல்லையா குடுத்தா போதும். கரண்டு போனா போற பட்டை ஒண்ணுதான், அதைத் திருப்பி ஓட்டினா 20 நிமிஷம்தான் நட்டம், ஏற்கனவே வெட்டின இடத்துல பிட்டு காத்துலயே போய்ட்டு வரும். எங்க பக்கம் கரண்டு டைம்டேபிள் வீட்டு முறைவாசல் மாதிரி மாறிக்கிட்டே இருக்கு, இருந்தா 4 மணி நேரம், இல்லைன்னா அதுவும் இல்ல, அதனால கரண்டு வந்து அரை மணி நேரம் கழிச்சுதான் நான் மெஷினைத் தொடுவேன், போகப்போற நேரத்துக்கு அரை மணி முன்னாடியே கையை எடுத்துடுவேன்.

பலகையைப் பிடிக்கிறது

பலகை 160, செதுக்கல் 120, சுத்தி 20 மில்லி ஓரம் மிச்சம். நாலு மூலைலயும் விளிம்புலேர்ந்து 8 மில்லி தள்ளி ஸ்க்ரூ, தலை மரத்துக்குள்ள மூழ்கணும், கீழ மெஷின் பெட் மேல ஒரு எம்டிஎஃப் பலகை போட்டு அதுல முறுக்குங்க. கிளாம்ப் வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆனா முதல் தடவை வேணாம், கிளாம்ப் உயரமா நிக்கும், ஸ்பிண்டில் ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் பறக்குறப்போ அது மேல மோதும், நான் ரெண்டு பிட்டு இப்படித்தான் ஒடிச்சேன், ஒண்ணு பறந்துபோய் சுவத்துல இருந்த காலண்டர்ல குத்தி நின்னுச்சு. அன்னைலேர்ந்து கண்ணாடி போடாம யாரையும் உள்ள விடுறதில்ல. காதுக்கும் மூக்குக்கும் மறைப்பு வேணும், தேக்குத் தூளும் பதாவ் தூளும் சில பேருக்குத் தோல் அரிப்பு, தும்மல் எல்லாம் கொண்டு வரும், குமிழ் தூளும் சும்மா இல்ல.

பிட்டு மாட்டுறது சாதாரண வேலை மாதிரி இருக்கும், அதுலதான் பாதி கெட்டுப்போகுது. பிட்டைக் கவ்விப் பிடிக்குற வளையம்தான் காலெட், அதை முதல்ல நட்டுக்குள்ள சாய்ச்சு அழுத்துங்க, டிக்குன்னு ஒரு சத்தம் கேக்கும், அது கேட்ட பிறகுதான் ஸ்பிண்டில்ல திருகணும், அப்புறம் பிட்டு, அப்புறம் ரெண்டு ஸ்பேனர். டிக் சத்தம் வராம முறுக்கினா பிட்டு நேரா நிக்காது, வெட்டுறப்போ மெதுவா நழுவிக் கீழ இறங்கும், தாமரை ஒரு பக்கம் ஆழமா வரும், நீங்க சாஃப்ட்வேரைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க. 3.175 மில்லி பிட்டை 3 மில்லி காலெட்டுல தள்ளாதீங்க, போகும், ஆனா காலெட் போயிடும். பிட்டு வெளிய நீட்டி நிக்கிறது செதுக்கல் ஆழத்தை விட ஒரு 6, 7 மில்லி கூட இருக்கணும், ரொம்ப நீட்டினா அதிரும்.

ஸீரோ

ஸீரோன்னா மெஷின் எங்கேர்ந்து அளக்க ஆரம்பிக்குதோ அந்தப் புள்ளி. எக்ஸ் ஒய் ஸீரோவை பலகையோட இடது கீழ் மூலை ஓரத்துல வைங்க, அந்த இடத்துல 3 மில்லி ஓட்டை ஒண்ணு மெஷினாலயே போட்டுடுங்க, பின்னாடி ஏன்னு தெரியும். சாஃப்ட்வேர்லயும் அதே புள்ளிதான் ஸீரோவா இருக்கணும், அங்க நடுவுல வச்சு இங்க மூலைல வச்சா முக்கால்வாசித் தாமரை பலகைக்கு வெளிய போயிடும். இஸட் ஸீரோவுக்கு பலகை மேல் முகம், ஆனா எந்த இடத்துல? நிறைய பேர் பலகை நடுவுல பிட்டை இறக்கி ஸீரோ எடுப்பாங்க, ரஃபிங் முடிஞ்சு பிட்டு மாத்தினதும் திரும்ப ஸீரோ எடுக்கணும், அப்போ நடுவுல மேல் முகமே இருக்காது, ரஃபிங் அதைத் தின்னுருக்கும். அதனால வெட்டுப்படாத அந்த 20 மில்லி ஓரத்துல ஒரு இடத்தைப் பேனாவால வட்டம் போட்டு வைங்க, எந்தப் பிட்டு மாட்டினாலும் அந்த வட்டத்துலதான் இஸட். ஒரு பேப்பர் துண்டை வட்டத்துல வச்சு, ஸ்பிண்டில் நிக்கிறப்போவே பிட்டைக் கொஞ்சம் கொஞ்சமா 0.1 மில்லியா இறக்குங்க, பேப்பரை இப்படி அப்படி அசைச்சுக்கிட்டே இருங்க, எப்போ பிட்டு பேப்பரைப் பிடிச்சு இழுக்குதோ அங்க நிறுத்துங்க. சாதாரணப் பேப்பர் 0.1 மில்லி கனம், மரத்துக்கு அது பொருட்டே இல்ல.

பிட்டு மாத்தின பிறகு இஸட் மட்டும்தான் ஸீரோ பண்ணணும். திரைல "எல்லாம் ஸீரோ"ன்னு ஒரு பெரிய பட்டன் இருக்கும், கை தானா அதுக்குத்தான் போகும். நான் அழுத்தினேன், பிட்டு அந்த வட்டத்து மேல நின்னுச்சு, அதையே எக்ஸ் ஒய்க்கும் ஸீரோவா எடுத்துக்கிச்சு, ஃபினிஷிங் 4 மில்லி தள்ளிப் போய் ஒரு தாமரைல ரெண்டு மொட்டு வந்துச்சு. வீட்டுக்காரி அதுல ஊதுவத்தி குத்தி வச்சிருக்கா, உபயோகம்தான்.

ஓட்டுறது

முதல்ல காத்துல ஓட்டுங்க. இஸட் ஸீரோவை 20 மில்லி தூக்கி வச்சு ரஃபிங் ஃபைலை ஸ்பிண்டில் ஓடாம ஓட விடுங்க, பலகைக்கு வெளிய போகுதா, ஸ்க்ரூவுக்கு மேல வருதா, கண்ணாலயே தெரிஞ்சுடும். அஞ்சு நிமிஷம் போதும், அப்புறம் மறக்காம இஸட்டைத் திருப்பி எடுங்க. தண்ணி ஸ்பிண்டில்னா பம்ப் ஓடுதா, வாளில தண்ணி சொட்டுதா பாருங்க, தண்ணி இல்லாம ஓடினா ஸ்பிண்டில் சூடேறி உள்ள இருக்குற பேரிங் போயிடும், அது பிட்டு விலை இல்ல.

ரஃபிங் கணக்குப்படி 16 நிமிஷம், நிஜத்துல 20. வெட்டி முடிஞ்சதும் பாத்தா படிப்படியா ஒரு மலை மாதிரி இருக்கும், தாமரையே தெரியாது, மனசு விட்டுடாதீங்க. தூளை வேக்யூம் போட்டு எடுத்துட்டு, பிட்டு மாத்தி, வட்டத்துல இஸட் எடுத்து, முதல் பட்டையை ஓட விடுங்க. பத்து வரி போனதும் இதழோட வளைவு எழும்பி வரும். எத்தனை தடவை பாத்தாலும் அந்த நேரத்துல நான் டீ கிளாஸைக் கீழ வச்சுடுவேன்.

கரண்டு போனா

இங்க மீ ப்யெத்துச்சுன்னு சொல்லுவோம், எங்க வீட்டுச் சின்னதுங்க தமிழ்ல கரண்டுன்னு ஒரு வார்த்தை இருக்குறதையே மறந்துட்டுங்க. லேப்டாப்லேர்ந்து யுஎஸ்பி ஒயர் வழியா ஓட்டுற ஜிஆர்பிஎல் போர்டுன்னா, அதாவது ஜிஆர்பிஎல்ங்குற சாஃப்ட்வேர் போட்ட கன்ட்ரோலர்னா, இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. கரண்டு போனதும் மோட்டார் நிக்கும், ஸ்பிண்டில் நிக்கும், ஆனா லேப்டாப் பேட்டரில ஓடிக்கிட்டுதான் இருக்கும், அது யுஎஸ்பி வழியா போர்டுக்கு 5 வோல்ட் குடுத்துக்கிட்டே இருக்கும். போர்டுக்கு கரண்டு போனதே தெரியாது. அது பாட்டுக்கு வரி வரியா படிச்சு, இதோ இங்க போயிட்டேன், அங்க போயிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கும், நிஜத்துல பிட்டு அதே இடத்துல மரத்துக்குள்ள குத்தி நிக்குது. ரெண்டு நிமிஷம் கழிச்சு தெருவுல பிள்ளைங்க எல்லாம் "மீ லா பீ"ன்னு கத்துற சத்தம் கேக்கும், கரண்டு வந்துடுச்சு, மோட்டாருக்கு உயிர் வந்துடுச்சு, போர்டு தான் நினைச்ச இடத்துலேர்ந்து தொடரும், பிட்டு இருக்குறதோ வேற இடம். என் பிள்ளையார் தும்பிக்கை போனது இப்படித்தான்.

கன்ட்ரோலருக்கு மட்டும் யுபிஎஸ் போட்டா சரியாயிடும்னு நினைக்காதீங்க, அது இன்னும் மோசம், மேஜை நகரும், ஸ்பிண்டில் சுத்தாது, சுத்தாத பிட்டை மரத்துக்குள்ள தள்ளினா என்ன ஆகும், ஒடியும். போட்டா ரெண்டுக்கும் சேத்துப் போடுங்க, இல்லைன்னா போடாதீங்க.

கரண்டு போன உடனே முதல் வேலை, அவசர நிறுத்தப் பட்டனை அழுத்துறது. ரெண்டாவது, லேப்டாப்ல ஃபைலை நிறுத்திட்டு யுஎஸ்பியைப் பிடுங்குறது. மூணாவது, மெயின் சுவிட்சை ஆஃப் பண்றது. இந்த மூணையும் பண்ணிட்டு அப்புறமா மெழுகுவத்தி தேடுங்க. கரண்டு வந்ததும் ஓடிப்போய் போடாதீங்க, முதல் சில நிமிஷம் வோல்டேஜ் ஏறி இறங்கும், ஒரு டீ குடிச்சுட்டு வந்து போடுங்க.

திரும்ப எடுக்குறது எப்படி? மெஷின்ல அச்சு ஓரத்துல லிமிட் சுவிட்ச் இருந்தா முதல்ல இஸட் திருகைக் கையால சுத்தி பிட்டை மரத்தை விட்டு மேல தூக்கிட்டு ஹோமிங் பண்ணுங்க, அதாவது மெஷின் அந்தச் சுவிட்சைத் தொட்டு தான் எங்க இருக்கோம்னு தெரிஞ்சுக்குறது. ஜிஆர்பிஎல்ல ஜி54ன்னு சொல்ற ஸீரோ போர்டோட ஞாபகத்துல கரண்டு போனாலும் இருக்கும், அதனால ஆரம்பத்துல ஸீரோ எடுக்குறதுக்கு முன்னாடியும் ஹோமிங் பண்ணியிருந்தா, இப்ப ஹோமிங் முடிஞ்சதும் பழைய ஸீரோவுக்குப் போகச் சொன்னா போகும். ஜி92ல போட்ட ஸீரோ மறந்துடும், அதனால அதைத் தொடவே தொடாதீங்க. லிமிட் சுவிட்ச் இல்லையா, அதுக்குத்தான் அந்த 3 மில்லி ஓட்டை. 3 மில்லி பால் நோஸை ஓட்டைக்கு மேல கொண்டு வந்து மெதுவா இறக்குங்க, விளிம்புல இடிக்காம உள்ள வழுக்கிட்டு இறங்கினா அதுதான் உங்க எக்ஸ் ஒய் ஸீரோ. இஸட் அந்தப் பேனா வட்டத்துல. அப்புறம் எந்தப் பட்டைல நின்னுச்சோ அதை முதல்லேர்ந்து ஓட்டுங்க. பாதி வரிலேர்ந்து தொடரலாம்னு சாஃப்ட்வேர்ல வசதி இருக்கு, ஆனா அது முதல்ல பிட்டை மேல தூக்குதா, ஸ்பிண்டிலை ஓட விடுதான்னு நீங்க கவனிக்கணும், முதல் தடவை அந்த வம்பே வேணாம்.

உளி

மூணு பட்டையும் முடிஞ்சதும் பலகையைக் கழட்டாதீங்க, முதல்ல அப்படியே பாருங்க. இதழும் இதழும் சேர்ற இடத்துல கூர்மையா ஒரு கோடு இருக்கணும், ஆனா உங்களுக்கு வாய்க்கால் மாதிரி உருண்டையா தெரியும், ஏன்னா பிட்டோட முனை 1.5 மில்லி ஆரம், அதை விடச் சின்ன மூலைக்குள்ள அதால போக முடியாது. கூம்பு மாதிரி இருக்குற டேப்பர் பிட்டு, முனை ஆரம் 0.5 போட்டு அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை ஓட்டலாம். நான் ஓட்டல, பக்கத்துத் தெருவுல இருக்குற பபு ஸயாகிட்ட கொண்டு போனேன், அறுபது வயசுக்காரரு, வெத்தலையை ஒதுக்கிட்டு பலகையை வாங்கி விளக்குப் பக்கம் சாய்ச்சுப் பாத்தாரு. "இது தாமரை இல்ல, தாமரையோட பொம்மை"ன்னு பர்மீஸ்ல சொல்லிட்டு ஒரு சின்ன வளைஞ்ச உளியை எடுத்து ஒவ்வொரு மடிப்புலயும் ஒரே ஒரு இழுப்பு, எட்டு இதழுக்கு எட்டு இழுப்பு, பத்து நிமிஷம் கூட ஆகல, அவ்ளோதான், இதழ் எழும்பி நின்னுச்சு. அன்னைலேர்ந்து நான் டேப்பர் பிட்டு வாங்குறதை நிறுத்திட்டு ரெண்டு உளி வாங்கிட்டேன். ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவோட கிழக்கு வாசல் படிக்கட்டுப் பக்கம் மரச்செதுக்கல் கடைங்க இருக்கு, அங்க நின்னு எந்த இடத்துல உளி விளையாடியிருக்குன்னு பாருங்க, கண்ணு பழகும்.

அப்புறம் நைலான் பிரஷ்ல ரேகையோட தேய்ச்சு நாரை எடுங்க, 180 உப்புத்தாள், அதுக்கப்புறம் 240, விரல் நுனில சுத்தி லேசா. புடைப்போட விளிம்பை ரொம்பத் தேய்க்காதீங்க, மெஷின் ஒரு மணி நேரம் கஷ்டப்பட்டதை அஞ்சு நிமிஷத்துல வழிச்சு எடுத்துடுவீங்க. பிறகு பலகையைக் கழட்டி, சுத்தி இருக்குற ஓரத்தை ரம்பத்துல அறுத்து எடுங்க, அந்த 3 மில்லி ஓட்டையும் பேனா வட்டமும் அதோட போயிடும்.

மேல பூசுறதுக்கு பகான் அரக்கு வேலைல போடுற திட்ஸிங்குற மரப்பால் நல்லாத்தான் இருக்கும், ஆனா பச்சையா கைல பட்டா சில பேருக்கு கொப்புளம் கொப்புளமா கிளம்பும், பழகாதவங்க தொடாதீங்க. ஷெல்லாக் போதும், மெல்லிசா மூணு கோட், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல காய விட்டு. மழை பெய்யுற நாள்ல மட்டும் அடிக்காதீங்க, ஈரத்தை இழுத்து மேல வெள்ளையா புகை பிடிச்ச மாதிரி பூத்துடும், வெயில் அடிக்கிற ஒரு காலைல அடிச்சா மதியத்துக்குள்ள தொடலாம்.